பட்டை ஒட்டாத பேட்டரி

ஸ்டூடியோக்காரருடைய கேமராவில் ஒரு குறையும் இல்லை. பேட்டரிதான் பிரச்சினை. வாங்கும்போது கூட வந்த இரண்டு பேட்டரிகளும் சில வருடம் நன்றாக உழைத்துவிட்டுக் களைத்துப்போயின. முழுக்கச் சார்ஜ் ஏற்றினாலும் பாதிக் கல்யாணத்தில் கண்ணை மூடிக்கொள்ளும். புதிதாக வாங்கலாம் என்று போனால், கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தது. புது மாடலின் பேட்டரி நகக்கண் அளவு அகலம் கூடுதல். பழைய கேமராவின் குழிக்குள் இறங்காது. கேமராவையே மாற்றும்படி பலரும் சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கை பழகின கேமரா. எந்த பட்டன் எங்க இருக்குன்னு என் விரலுக்குத் தெரியும்" என்பார்.

தெருமுனையில் இரண்டு அறை ஸ்டூடியோ. முன்னறையில் கவுன்ட்டர். பின்னறையில் சாம்பல் நிறத் திரை, இரண்டு குடை விளக்குகள், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு முக்காலி. மாடியில் வீடு. கவுன்ட்டரில் அவர் மனைவி உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை வெட்டிக் கவரில் போடுவாள். வாய் சும்மா இருக்காது. படம் நன்றாக விழவில்லை என்று யாராவது முணுமுணுத்தால், "கேமரா இருக்கறதத்தாங்க எடுக்கும்" என்று சொல்லி, கேட்டவரையே சிரிக்க வைத்து அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. ஸ்டூடியோக்காரருக்கு மச்சான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, கல்யாணத்துக்கு முன்பே பழக்கம். அதனால் மரியாதை எல்லாம் கிடையாது. நீ, வா, போதான். மச்சான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்குத் தூக்கும் பேட்டரி வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். ஒரு நாள் கிடங்கை மூடிவிட்டார்கள். அந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டில் உட்கார்ந்து மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாவையும் கூட கூட்டிட்டுப் போங்களேன்" என்று ஸ்டூடியோக்காரரிடம் மனைவி சொன்னாள். "இப்படியே உக்காந்திருந்தா அந்த ஃபேனோட சேர்ந்து அவருக்கும் தலை சுத்த ஆரம்பிச்சிடும்."

அப்படித்தான் மச்சான் விளக்குப் பிடிக்க வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பேட்டரி விவகாரம் அவர் கைக்குப் போய்விட்டது.

முதல் தடவை அவரும் ஏமாந்தார். மார்க்கெட்டில் ஒரு கடையில், இந்த மாடலுக்குப் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்த பேட்டரியை வாங்கிவந்தார். குழிக்குள் கச்சிதமாக இறங்கியது. கேமராவை முடுக்கினால், இந்தப் பேட்டரியை ஏற்க முடியாது என்று திரையில் எழுத்து வந்து அணைந்துபோனது. ஸ்டூடியோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன மச்சான், உன் பேட்டரியோட என் கேமரா பேச மாட்டேங்குது?"

"உன் கேமராவும் உன்ன மாதிரியே. புது ஆள்னா மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார் மச்சான்.

ஆனால் அன்றிலிருந்து அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவு ஒத்துப்போனால் மட்டும் போதாது, கேமராவுக்குப் பேட்டரியை அடையாளம் காட்டும் சின்னச் சில்லு ஒன்று உள்ளே இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார். எத்தனை வோல்ட் என்பது பழையதில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். சக்தி பழையதைப் போல இரண்டு மடங்கு என்று எந்த அட்டையிலாவது அச்சடித்திருந்தால், அதைத் தொடவே மாட்டார். "இத்தனூண்டு டப்பாக்குள்ள அவ்வளவு அடைக்க முடியாதுங்க. பொய் சொல்றவன் ஒரு பொய்யோட நிறுத்த மாட்டான்" என்று கடைக்காரரிடமே சொல்வார். எப்போது தயாரித்தது என்று தேடிப் பார்ப்பார். கேமராவைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே போட்டுப் பார்த்து, மாட்டி எடுக்கும்போது தட்டாமல் வருகிறதா என்று நாலு தடவை சோதிப்பார்.

வாங்கி வந்த பிறகும் விடமாட்டார். சார்ஜ் ஏற்றும்போது புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பிறகு கேமராவை முக்காலியில் வைத்து, சுவர்க்கடிகாரத்தை வீடியோ எடுக்கவிட்டு, அது தானாக அணையும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். தேறியதற்குப் பச்சைப் பட்டை ஒட்டுவார். சுமாரானதற்கு மஞ்சள். பட்டை இல்லாத பேட்டரி பைக்குள் போகாது.

"பொண்ணு பார்க்க வந்தப்பகூட நான் இவ்வளவு விசாரிக்கல மச்சான்" என்று ஸ்டூடியோக்காரர் ஒருநாள் சொன்னார்.

"நானும் விசாரிக்கல. விசாரிச்சிருந்தா உனக்கு என் தங்கச்சியக் குடுத்திருப்பேனா?"

கவுன்ட்டரில் இருந்தபடியே அவள், "கேமராவுல போட்டுப் பார்த்து வாங்கியிருக்கணும்ண்ணா" என்றாள். மூவரும் சிரித்தார்கள். அந்த ஸ்டூடியோவில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லாத காலம் அது.

மச்சான் தேர்ந்தெடுத்த பேட்டரிகள் ஏமாற்றவில்லை. மற்ற ஃபோட்டோக்காரர்களும், "உங்க மச்சான்கிட்ட எங்களுக்கும் ஒண்ணு பார்த்துத் தரச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஸ்டூடியோக்காரருக்கு அதில் பெருமைதான். ஆனால் பெருமைக்கு அடியில் சின்னதாக ஓர் உறுத்தல். தன்னிடம் லென்ஸ் பற்றிக் கேட்டவர்கள் எல்லாம் இப்போது மச்சானிடம் பேட்டரி பற்றிக் கேட்கிறார்களே என்று.

அந்த உறுத்தலோடுதான் அவர் வேறு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பெரிய கடையில், கம்பெனி பேர் போட்ட ஒரிஜினல் பேட்டரியைப் பார்த்தார். பளபளக்கும் முத்திரை, பெட்டி, எல்லாம் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து மச்சான் முன்னால் வைத்தார்.

மச்சான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாடலையே நிறுத்திட்டாங்க. புதுப் பெட்டி எங்கிருந்து வந்துச்சு? எழுத்து வேற கோணலா இருக்கு மாப்ள."

"கம்பெனி பேட்டரிக்கு உன் சர்டிபிகேட் வேணாம்" என்றார் ஸ்டூடியோக்காரர். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தார். குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

மச்சான் அதைச் சார்ஜில் போட்டுப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "சரி, வெச்சுக்க. முக்கியமான வேலைக்கு மட்டும் போடாத. சார்ஜ் ஏத்துறப்ப சூடாகுது." மச்சான் அதற்குப் பட்டை ஒட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தேறமாட்டார் என்று வீட்டாருக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்குக் கொஞ்ச நேரம் போய்வரட்டும் என்று டாக்டர் விட்டிருந்தார். "மத்ததெல்லாம் எப்படி வேணா எடுங்க. எங்கப்பா வர்றப்ப மட்டும் விட்டுடாதீங்க" என்று பெண் முன்கூட்டியே ஸ்டூடியோவுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

காலையிலிருந்து பச்சைப் பட்டை பேட்டரியில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் வண்டி மண்டபத்துக்கு வரப்போகிறது என்று தகவல் வந்தது. இது முக்கியமான படம், இதற்கு ஒரிஜினலே இருக்கட்டும் என்று ஸ்டூடியோக்காரருக்குத் தோன்றியது. மச்சான் அந்தப் பக்கம் விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தபோது, ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையில் வைத்திருந்த பட்டை இல்லாததைப் போட்டார். முழுச் சார்ஜ் காட்டியது.

வாசலில் படிகள் இருந்தன. சக்கர நாற்காலி ஏறாது. மச்சான் விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய், இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து நாற்காலியைத் தூக்கி மேலே கொண்டுவந்தார். அதை ஸ்டூடியோக்காரர் எடுத்தார். அதுவரை கேமரா வேலை செய்தது.

மண்டபத்தின் நடுவில் நாற்காலி நின்றது. பெண் ஓடிவந்து தரையில் உட்கார்ந்து அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் கையை மெல்ல மெல்லத் தூக்கி அவள் தலைமேல் வைத்தார். பேசமுடியாத மனிதர்; உதடு மட்டும் அசைந்தது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஸ்டூடியோக்காரர் அமுக்கினார். கேமரா இருண்டுபோனது.

பதறிக்கொண்டு அடிமூடியைத் திறந்தார். சூட்டில் பேட்டரி உப்பியிருந்தது. வெளியே வரவில்லை. நகத்தால் இழுத்தார், வண்டிச் சாவியின் முனையால் நெம்பினார். ஒருவழியாக அது பிடுங்கிக்கொண்டு வந்தபோது அப்பாவின் கை மடிக்குத் திரும்பியிருந்தது. கூட வந்த நர்ஸ், "முடியல அவருக்கு, போதும்" என்று நாற்காலியைத் திருப்பிவிட்டாள்.

"எடுத்தீங்கல்ல?" என்று பெண்ணின் சித்தப்பா கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்டூடியோக்காரரின் உள்ளங்கையில் பேட்டரி சுட்டது. கம்பெனி பேர் போட்ட பேட்டரி. பக்கத்தில் மச்சான் விளக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"டூப்ளிகேட் பேட்டரிங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். "இவர் வாங்கிட்டு வந்தது. சொன்னாக் கேட்டாத்தானே."

மச்சான் அவருடைய கையைப் பார்த்தார். விரல்கள் மூடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டார். எந்தப் பட்டையும் இல்லாத அந்தக் கறுப்புக் கட்டியை அவருக்குத் தெரியாதா? ஸ்டூடியோக்காரர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சித்தப்பா மச்சானைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மச்சான் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்: "தப்பு நடந்துபோச்சுங்க. மன்னிச்சுக்குங்க."

அன்று சாயந்திரம் வண்டியில் திரும்பும்போது இருவரும் பேசவில்லை. மச்சான் ஏதாவது கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று ஸ்டூடியோக்காரர் காத்திருந்தார். மச்சான் கேட்கவில்லை. ஸ்டூடியோவில் விளக்குகளை இறக்கி வைத்தார், ஒயர்களைச் சுருட்டினார், பச்சைப் பட்டை பேட்டரிகளைச் சார்ஜில் போட்டார், தங்கையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார், போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. முதுகு வலி என்று சொல்லியனுப்பினார். பிறகு அப்படிச் சொல்லியனுப்புவதும் நின்றுபோனது.

சில வாரம் கழித்து அந்தப் பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அப்பா போய்விட்டார் என்று அவள் முகத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்தது. "ஒரே ஒரு படமாவது இருக்குமா அண்ணா? மங்கலா இருந்தாலும் பரவால்ல."

வாசல்படியில் நாற்காலியைத் தூக்கிவரும் படம் ஒன்றுதான் இருந்தது. அதில் அப்பாவின் முகத்தில் பாதியை மச்சானுடைய தோள் மறைத்திருந்தது. அதையே பெரிது பண்ணிக் கொடுக்கச் சொன்னாள். போகும்போது, "இவர் எங்கப்பாவை எவ்வளவு பத்திரமாத் தூக்கிட்டு வந்தார். பேட்டரிக்காக இவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றாள்.

"சேச்சே, இல்லம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர். அவள் தெருவில் இறங்கி மறைகிற வரை வாய் திறக்க நேரம் இருந்தது. திறக்கவில்லை.

அதற்குள் விஷயம் ஃபோட்டோக்காரர்கள் நடுவே பரவிவிட்டது. மச்சானுக்கு 'டூப்ளிகேட்' என்று பட்டப்பேர் விழுந்தது. "டூப்ளிகேட் எப்படி இருக்கார்?" என்று ஸ்டூடியோக்காரரிடமே கேட்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். மச்சான் வேறு ஊரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார்.

உறவு ஒன்றும் அறுந்துவிடவில்லை. போன் பேசுவார், விசேஷத்துக்கு வருவார். "வாங்க மாப்பிள்ளை, சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்பார். மற்றவர்கள் காதுக்கு அது மரியாதை. ஸ்டூடியோக்காரருக்கு ஒவ்வொரு 'ங்க'வும் கதவைச் சாத்துகிற சத்தமாகக் கேட்டது.

வருடங்கள் ஓடின. அந்த நாளை நினைக்காமல் அவரால் ஒரு கல்யாணம்கூட எடுக்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை போனை எடுப்பார்; மழை பெய்ததா, மருந்து சாப்பிடுகிறாயா என்று பேசிவிட்டு வைத்துவிடுவார்.

அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதைச் சொல்ல மனைவி தன் அண்ணனுக்குப் போன் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள். பேச்சுவாக்கில், "அண்ணா, நீங்க எல்லா வேலையும் பாருங்க. பேட்டரி வாங்குற வேலை மட்டும் வேண்டாம்" என்றாள். அந்த வீட்டில் பழகிப்போன பகடி அது. மகள் சிரித்தாள். போனுக்குள் மச்சானும் சிரித்தார். "அந்தப் பக்கமே வர மாட்டேம்மா" என்றார்.

ஸ்டூடியோக்காரரால் சிரிக்க முடியவில்லை. போன் வைத்ததும் மனைவியின் பின்னாலேயே சமையலறைக்குப் போனார்.

"அன்னிக்கு அது உங்கண்ணா வாங்கின பேட்டரி இல்ல" என்றார். "நான் வாங்கினது."

அவள் புரியாமல் திரும்பினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள்.

"அண்ணாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கே பார்த்துட்டான்."

"அப்ப இத்தனை வருஷமா... நான் கேலி பண்ணப்பல்லாம்..." கரித்துணியை மேடையில் வைத்தாள். "என்னையும் சேர்த்துல்ல சிரிக்க வெச்சிருக்கீங்க" என்றாள். அதற்கு மேல் அவரைத் திட்டவில்லை. ஒரு பையில் புடவையை எடுத்து வைத்துக்கொண்டு அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவர் மறுநாள் போனார். மச்சான் வாசலுக்கு வந்து, "வாங்க மாப்பிள்ளை" என்றார். தங்கை உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. இருவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள்.

"தப்பு பண்ணிட்டேன் மச்சான்."

மச்சான் தலையை ஆட்டினார். "மண்டபத்துல சொன்னது எனக்குப் பெருசாப் படல மாப்பிள்ளை. அத்தனை பேர் முன்னாடி மனுஷனுக்கு வாய் தடுமாறும். அதனாலதான் நானே ஏத்துக்கிட்டேன். வண்டியில வர்றப்ப சொல்லுவீங்கன்னு நெனச்சேன். பாலம் தாண்டுறப்ப சொல்லுவீங்க, சிக்னல்ல நிக்கிறப்ப சொல்லுவீங்கன்னு பார்த்துட்டே வந்தேன்."

"நீ கேப்பேன்னு நான் பார்த்துட்டே வந்தேன்."

"நான் எப்படிக் கேப்பேன்?" என்றார் மச்சான். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் ஸ்டூடியோக்காரருக்குத் தாங்கவில்லை.

பிறகு மச்சான் அவராகவே சொன்னார். அந்தச் சமயத்தில் மார்க்கெட்டில் ஒரு கேமராக் கடைக்காரர், தன் கடையில் ஒரு மூலையை அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாராம். நின்றுபோன மாடல்களுக்கு எல்லாம் பொருந்துகிற பேட்டரிகளைச் சோதித்து, பட்டை ஒட்டி, ஃபோட்டோக்காரர்களுக்கு விற்கலாம் என்று பேச்சு. உறுதியான பிறகு மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாராம். பட்டப்பேர் பரவியதும் கடைக்காரர் பின்வாங்கிவிட்டார்.

"கிடங்கை மூடினப்புறம் எனக்கு ஒரு வேலை பிடிச்சிருந்துச்சுன்னா அதுதான்" என்றார். "சரி, அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச கதை. டீ குடிங்க, ஆறிடப் போகுது."

ஸ்டூடியோக்காரருக்கு இது புதுச் செய்தி. ஒரு பொய் சொன்னோம், மச்சான் மனசைப் புண்படுத்தினோம் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதனின் பிழைப்பையே கெடுத்திருக்கிறோம் என்று தெரியாது.

ஊர் திரும்பியதும் அந்தக் கேமராக் கடையைத் தேடிப்போனார். கடைக்காரர் இறந்துவிட்டிருந்தார். அங்கே இப்போது போன் உறைகள் தொங்கின. பிறகு ஃபோட்டோக்காரர் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனார். கடைசியில், வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னார். பாதிப் பேர் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள். மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார்கள். பழைய ஆள் ஒருவர் மட்டும் நெற்றியைச் சுருக்கி, "யாரு, உங்க மச்சான் டூப்ளிகேட்டா? அவர் டூப்ளிகேட் சாவி போடுறவரு, அதான் அந்தப் பேருன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். கூட்டம் சிரித்தது. ஸ்டூடியோக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி சில நாளில் வீடு திரும்பினாள். கவுன்ட்டரில் உட்கார்ந்தாள், வேலையைப் பார்த்தாள். வருகிறவர்களிடம் முன்போல வம்பு பேசவில்லை. கல்யாண வேலைகள் தலைக்கு மேல் இருந்ததால் அது பிறர் கண்ணில் படவில்லை.

மகள் கல்யாணத்துக்கு மச்சான் முன்கூட்டியே வந்துவிட்டார். வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். சொந்த மகளுக்குச் செய்வதுபோல் தங்கை மகளுக்கு ஒன்றும் குறையாமல் பார்த்துக்கொண்டார். படம் எடுக்க வந்த இளைஞர்கள் குடும்பத்தைக் கூட்டி நிற்கவைத்தபோது, தங்கை கையைப் பிடித்து இழுத்து அவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். ஸ்டூடியோக்காரர் மறுபக்கம் நின்றார்.

மாடியில் மச்சானுக்கென்று அறை ஒழித்து வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாம் முடிந்ததும் சாயந்திர பஸ்ஸுக்கே கிளம்பினார். நாளைக்கு ஸ்டோரில் சரக்கு வருகிறதாம். ஸ்டூடியோக்காரர் பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தார். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். "இருக்கட்டும், கனமில்ல" என்றார் மச்சான். கல்யாணம் நன்றாக நடந்ததைப் பற்றி, மாப்பிள்ளைப் பையனின் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பஸ் வந்தது. மச்சானுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையை அசைத்தார். பஸ் திரும்புகிற வரை ஸ்டூடியோக்காரர் நின்றிருந்தார். பிறகு, வீட்டில் விருந்தாளிகள் காத்திருப்பார்கள் என்று நினைவு வந்து, திரும்பி நடந்தார்.